கால் வளர்ந்த பிறகு வாருங்கள்

தமிழ்நாட்டில் யானைக்கால் நோயாளிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. கொடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்துக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் காலை நீட்டிக் காட்ட வேண்டும். கால் நான்காம் நிலையில் இருக்க வேண்டும்.

அது என்ன நான்காம் நிலை? முதல் நிலையில், சாயங்காலம் வீங்கிய கால் ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடும். இரண்டாம் நிலையில் படுத்தாலும் வடியாது. மூன்றாம் நிலையில் தோல் தடித்துக் கணுக்காலில் மடிப்பு விழும். நான்காம் நிலையில் மடிப்புக்குள் மடிப்பு விழுந்து, மரு முளைத்து, தோல் வெடித்து, நீர் கசிந்து, பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார். அங்கே வந்து சேர்ந்துவிட்டால் உதவித்தொகைக்குத் தகுதி. முதல் நிலையில் போய் நின்றால்? கால் வளர்ந்த பிறகு வாருங்கள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லுமளவுக்கு நம் அதிகாரிகள் நாகரிகம் கெட்டவர்கள் இல்லை. விதி சொல்கிறது. காலைக் காப்பாற்றலாம் என்கிற கட்டத்தில் காசு கிடையாது. கால் கைவிட்டுப் போன பிறகு காசு.

ஆகவே கூட்டேரிப்பட்டு, மயிலம் வட்டாரத்தில் முதல் நிலைக்காரர்கள் எவரேனும் இருந்தால், அவர்கள் விரைவாகத் தேர்ச்சி பெறச் சில குறிப்புகள் தருகிறேன். பயிற்சிக் கட்டணம் கிடையாது.

காலைக் கழுவாதீர்கள். ஊற்றினால் போதும், சோப்புப் போட்டு விரல் இடுக்கெல்லாம் துடைத்தால் தேர்ச்சி தள்ளிப்போகும். சேற்றுப்புண் வந்தால் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் நடவுக்குப் போங்கள். செருப்புப் போடாதீர்கள், இது மிகச் சுலபம், உங்கள் காலுக்கு ஏற்ற செருப்பு திண்டிவனம் கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்கப்போவதில்லை. அரையில் நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்தால் ஓர் ஊசி போட்டுக்கொண்டு படுங்கள். காய்ச்சல் விட்டதும் மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு காய்ச்சலும் காலை ஒரு சுற்றுப் பெருக்கிவிட்டுப் போகும். யாராவது வேரைக் கட்டச் சொன்னால் கட்டுங்கள், கீறி ரத்தம் எடுக்கச் சொன்னால் எடுங்கள். முக்கியமாக, காலை யாரிடமும் காட்டாதீர்கள். சேலையை இன்னும் நாலு விரற்கடை இறக்கிக் கட்டுங்கள். இந்த ஒழுங்கில் போனால் சில வருடங்களில் நான்காம் நிலை உங்களைத் தேடி வரும், பின்னாலேயே ரூபாய் ஆயிரமும் வரும்.

இதில் நான் இட்டுக்கட்டியது எதுவுமில்லை. இன்றைக்கு இந்தக் கால்கள் இப்படித்தான் வளர்கின்றன.

வயிற்றெரிச்சல் எதற்கென்றால், இது ஒரு மர்ம நோயில்லை. உடம்பில் ரத்தம் ஓடும் குழாய்களைப் போலவே நிணநீர் ஓடும் குழாய்களும் உண்டு. யானைக்கால் புழு அந்தக் குழாயில் குடியேறி ஆறு முதல் எட்டு வருடம் உயிர்வாழும். பெண்புழு ஒரு விரல் நீளம், நூல் கனம். குழாய் விரிந்து கெட்டுப்போனால் நிணநீர் மேலே ஏறாது, காலில் தேங்கும். இதுவரைக்கும் புழுவின் வேலை. அதற்குப் பிறகு நடப்பதில் பெரும்பங்கு புழுவினுடையது இல்லை. விரல் இடுக்கில் ஒரு வெடிப்பு, அதன் வழியே சாதாரணக் கிருமிகள் நுழைகின்றன. தேங்கிய காலில் அவற்றை எதிர்க்க ஆளில்லை. குளிர், காய்ச்சல், சிவப்பு, வலி. நம்மூரில் நெறிகட்டிக் காய்ச்சல் என்கிறோமே, அதுதான் இது. திரும்பத் திரும்ப வரும் இந்தக் காய்ச்சல்தான் காலை முதல் நிலையிலிருந்து நான்காவதுக்குத் தூக்கிச் செல்கிறது. அதைத் தடுப்பதற்கு அமெரிக்க மருந்து வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் செருப்பும் போதும். பிரேசிலில் ரெசிஃபி நகரத்து மருத்துவர் ஜெருசா டிரேயர் நோயாளிகளைக் கூட்டிவைத்துக் கால் கழுவச் சொல்லிக்கொடுத்தே காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பக்கத்தில் காசர்கோட்டில் இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைட் டெர்மடாலஜி என்ற நிறுவனம் கழுவுதல், ஆயுர்வேதம், யோகாசனம், கட்டுப்போடுதல் எல்லாவற்றையும் சேர்த்து வீங்கிய கால்களை வடிய வைக்கிறது. உலகத்துக்கே தெரிந்த சங்கதி நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசற்படியில் ஏற மட்டும் இத்தனை வருடமா?

தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எல்லாத் திசையிலும் அறிவு நம்மைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்த நோயில் உலகப் புகழ் பெற்றது. 1990களில் அதன் விஞ்ஞானிகள் பரிசோதனை நடத்தியது எங்கள் பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களில். இந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். ஆகவே தூங்குகிறவர்களை எழுப்பி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நீட்டினோம். எங்கள் ரத்தம் கண்ணாடித் தகட்டில் ஏறி, ஆய்வுக் கட்டுரையாகி, வெளிநாட்டு இதழ்களில் அச்சாகி, உலகச் சுகாதார நிறுவனத்தின் கொள்கைக்கே துணையானது. பெருமைதான். விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்தார்கள். அந்த அறிவை வாங்கி ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய நிர்வாகம்தான் பாதி வழியில் தூங்கிவிட்டது. ராத்திரி ரத்தம் எடுக்க எங்களை எழுப்பியவர்கள், அதையும் ஒருதரம் எழுப்பியிருக்கலாம்.

மருந்தின் கதையைக் கேட்டால் இன்னும் கோபம் வரும். யானைக்கால் மாத்திரையான டி.இ.சி. 1947இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்திய குற்றத்துக்காக வெள்ளைக்காரப் பேராசிரியர் அவருக்கு எம்.பி.பி.எஸ். தராமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு அனுப்பிவைத்தார். பட்டம் மறுக்கப்பட்டவர் தலைமையில் உருவான மாத்திரையைப் பட்டம் பெற்ற நாம் என்ன செய்தோம்? வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தோம். "எனக்குத்தான் கால் நல்லா இருக்கே" என்று காலி டப்பாவில் போட்டோம். சிலர் சாக்கடையில் போட்டார்கள்; அங்கிருந்த கொசுப் புழுக்களுக்குத் தலைவலி தீர்ந்திருக்கலாம். கால் நன்றாக இருப்பவன் ரத்தத்தில்தான் புழுக்குஞ்சு நீந்துகிறது, அவன் மாத்திரை விழுங்கினால்தான் அடுத்த வீட்டுக் குழந்தையின் கால் பிழைக்கும் என்று புரியும்படி நமக்குச் சொன்னவர் குறைவு. சொன்னாலும் கேட்டவர் அதைவிடக் குறைவு. அரசை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக முடியாது, உட்காருங்கள்.

உட்கார்ந்தபடியே கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தைக் கொஞ்சம் பாருங்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் மயிலத்துக்குத் திரும்பும் இடம். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், மல்லாட்டை ஆய்ந்துவிட்டு வருகிறவர், கையில் தூக்குவாளி. இடது காலில் சாதாரண ரப்பர் செருப்பு. வலது காலில் ஆண்பிள்ளைச் செருப்பு, அளவில் மூன்று பங்கு பெரியது. அதன் வாரை நடுவில் அறுத்து, பழைய சேலையின் கரையைக் கிழித்து இரண்டு முனையையும் புறங்காலுக்கு மேல் முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு செருப்புத் தைக்கிறவரும் யோசிக்காத வேலைப்பாடு. டவுன் பஸ் வந்தது. படியில் அந்தக் காலைத் தூக்கி வைக்கக் கொஞ்சம் நேரமானது. நடத்துநர் சொன்னார்: "யம்மா, ஃப்ரீ டிக்கெட்டு ஆளுக்கு ஒண்ணுதான். உன் காலுக்குத் தனியா வாங்கணும்." பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். சிரிக்காமல் முறைத்தால் நாளைக்கு அதே பஸ் நிறுத்தத்தில் நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பரம்பரைப் பழக்கம். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் கோவாவுக்கு வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், வீங்கிய கால்களைப் பார்த்துவிட்டு எழுதிவைத்திருக்கிறார்: புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்துக்கு இறங்கிய சாபம் என்று ஊரார் நம்பினார்களாம். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் தன் தோட்டக்காரரைக் கொசு கடிக்கவிட்டு, கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்துப் புழுவைக் கண்டுபிடித்தார். மலேரியாவின் குற்றவாளி கொசுதான் என்று நிரூபணமாவதற்கு இருபது வருடம் முன்பே யானைக்காலின் குற்றவாளி பிடிபட்டாயிற்று. ஆனால் ஊருக்குள் தீர்ப்பு மாறவில்லை. "எதையோ மிதிச்சிட்டா", "அவங்க அம்மா வழியில வர்ற சீக்கு", "அந்த வீட்டுல பொண்ணு எடுக்காத" என்று இன்றைக்கும் தண்டனை அனுபவிப்பது கடிபட்டவள். கடித்த கொசு கழிவுத்தொட்டிக்குள் ஜாமீனில் இருக்கிறது.

கழிவுத்தொட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர் பெரிதில்லை. சாக்கடை, தேங்கிய கழிவுநீர், வீட்டுக் கழிவுத்தொட்டி இவைதான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயின் வாயில் ஒரு சாண் கொசுவலையைக் கட்டினால் பாதிப் பிரசவம் நின்றுவிடும். கட்ட மாட்டோம். அமைச்சர் வருகிற அன்றைக்குப் புகை அடிப்போம். புகையில் கொசு சாகிறதோ இல்லையோ, ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் சாக்கடை தெரியாது.

நோயை ஒழிப்பதில் மத்திய அரசின் உறுதியைச் சந்தேகிக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2015க்குள் யானைக்கால் ஒழியும் என்றது. 2015 வந்தது, ஒழியவில்லை. 2017 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி, 2017க்குள் என்றார். அந்த வருடமும் ஓடிவிட்டது. இப்போது 2027 என்கிறார்கள். கெடு வைத்து, கெடு தவறி, வெட்கமில்லாமல் அடுத்த கெடு வைப்பதைக் கந்துவட்டிக்காரனிடம் நாம் செய்தால் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போவான். புழுவிடம் அரசு செய்தால் அதற்குப் பெயர் இலக்கு.

தமிழ்நாட்டில் பரவல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதைச் செய்த ஊழியர்களைக் கும்பிடுகிறேன். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. புதிதாக யாருக்கும் வரவில்லை என்று ஆனதும் கோப்பை மூடிவிடுவார்கள். ஏற்கெனவே வந்தவர் அந்தக் கோப்புக்குள் மாட்டிக்கொள்வார். மாத்திரை புழுக்குஞ்சைக் கொல்லும்; கெட்டுப்போன நிணக்குழாயைச் சரிசெய்யாது. உலகம் முழுக்க நிணநீர் வீக்கத்தோடு சுமார் ஒன்றரைக் கோடிப் பேர், விரைவீக்கத்தோடு இரண்டரைக் கோடி ஆண்கள் இந்தப் புழுவால் அவதிப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விரைவீக்கமாவது ஒரு சிறிய ஆபரேஷனில் தீரும். வேட்டிக்குள் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டே நம் ஆண்கள் காலத்தைக் கழிக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நாடு யானைக்காலை ஒழித்தது என்று அந்த நிறுவனம் சான்று தர வேண்டுமானால், பரவல் நின்றதைக் காட்டினால் மட்டும் போதாது. நோயாளிகள் இருக்கிற இடங்களில் எல்லாம் அவர்களுக்குப் பராமரிப்பு கிடைக்கிறது என்றும் காட்ட வேண்டும். பரீட்சையில் இரண்டு தாள் உண்டு. நாம் முதல் தாளை எழுதிவிட்டு மணியடிப்பதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

அதற்காகத்தானே விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறோம் என்பீர்கள். ஆமாம், மார்ச் 6 உலக நிணநீர் வீக்க நாள். ஜனவரி 30 புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் நாள். புறக்கணிப்புக்கு ஒரு நாள் ஒதுக்கி, மீதி 364 நாளும் அதை அனுசரிக்கிறோம். நிகழ்ச்சி எப்படி நடக்கும் என்று எல்லா ஊர்க்காரருக்கும் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவார்கள். "கொசுவை ஒழிப்போம், காலைக் காப்போம்" என்று கத்தச் சொல்வார்கள். தலைமை விருந்தினர் தாமதமாக வருவார், சால்வை முந்தி வந்திருக்கும். கடைசியில் நோயாளிக்குப் பெட்டகம் வழங்கும் கட்டம்: ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு மக், சோப்பு, துண்டு, ஒரு குழல் களிம்பு. அந்த ஒரே டப்பை ஏழு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். எட்டாவதாகத் தெரிகிற பாதி முகம் நோயாளியுடையது. டப்பை எதற்குக் கொடுத்தோம், எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் வேண்டும்; அதற்குள் விருந்தினருக்கு அடுத்த ஊரில் சால்வை ஆறிவிடும். டப் வீட்டுக்குப் போகும். ஊறவைத்த துணிக்கு அளவு சரியாக இருக்கும்.

அந்த அரை மணி நேரத்தில் சொல்லவேண்டியதை இங்கே இரண்டு நிமிடத்தில் சொல்கிறேன். தலைமை விருந்தினர்கள் குறித்துக்கொள்ளலாம். வெந்நீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். சோப்பைக் கையில் நுரைக்க வைத்து, முழங்காலில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரித்து உள்ளே கழுவுங்கள். நாரோ பிரஷோ போட்டுத் தேய்க்கக் கூடாது, தோல் கிழியும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். விரல் இடுக்குதான் உயிர்நிலை: துணியின் முனையைத் திரித்து உள்ளே விட்டு ஈரத்தை முழுக்க எடுங்கள். இடுக்கில் தோல் வெளுத்து உரிந்தால் பூஞ்சைக்கான களிம்பு, வெடிப்பில் கிருமிநாசினிக் களிம்பு. படுக்கும்போது கால்மாட்டில் தலையணையோ, கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல்லோ. உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் ஒரு முக்காலியில். கணுக்காலை ஒரு நாளில் பலமுறை சுழற்றுங்கள். காய்ச்சல் அடிக்கும்போது மட்டும் கட்டுப்போடாமல், உடற்பயிற்சி செய்யாமல், உடனே டாக்டரிடம் போங்கள். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மேடையும் மைக் செட்டும் எதற்கு? வீட்டுப் பின்பக்கத் துணி துவைக்கும் கல்லும் ஒரு பொறுமைசாலியும் போதும்.

நிணநீர் வீக்கம் கொசுவால் மட்டும் வருவதும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குளில் இருக்கும் நிணமுடிச்சுகளை எடுத்தவர்களில், கதிர்வீச்சு பெற்றவர்களில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய் உயிரை மீட்டுக்கொண்டு வந்த பெண்ணிடம், "அந்தக் கையில ஊசி போடாதீங்க, பாரம் தூக்காதீங்க" என்று ஒரு வரி சொல்லி அனுப்புகிறார்கள். தண்ணீர்க் குடத்தை இனி யார் தூக்குவது என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. அழுத்த உறை வாங்கினால் அது நைந்ததும் மறுபடி வாங்க வேண்டும், காசு சொந்தம். ரவிக்கைக் கை நுழையாததால் கல்யாணங்களுக்கே போகாத பெண்கள் இருக்கிறார்கள். "உயிர் பிழைச்சியே, அப்புறம் என்ன?" என்று நாம் கேட்டுவிடுவோம். கேட்பதற்கு நமக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

சட்டத்தைத் திறந்து பார்த்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தொரு குறைபாடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. நிணநீர் வீக்கம் என்ற பெயர் அதில் இல்லை. தமிழ்நாட்டு நெசவாளர் ஊர் ஒன்றில் ஆராய்ந்து பார்த்தபோது, யானைக்கால் உள்ள தறிக்காரரின் உற்பத்தி மற்றவர்களைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. மிதி அழுத்த முடியாத கால் குறைபாடு இல்லையென்றால், பட்டியல் எழுதியவர்களுக்குத்தான் ஏதோ ஒரு குறைபாடு. அதற்கு இருபத்திரண்டாம் எண்ணை ஒதுக்கலாம்.

கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கிராம சபை வருடத்தில் பலமுறை கூடுகிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று. வருகிற கூட்டத்தில் மயிலம் ஒன்றியத்து ஊராட்சிகள் தீர்மானம் போடட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர், குனிந்து காலையும் பார்க்கட்டும். உதவித்தொகை முதல் நிலையிலேயே தொடங்கட்டும்; கால் வடிந்தால் அபராதம் போடாமல் பரிசு கொடுங்கள். தொழுநோயாளிக்கு எம்.சி.ஆர். செருப்பை அளவெடுத்துத் தைத்துத் தரத் தெரிந்த அரசுக்கு, இந்தக் காலுக்கும் அளவெடுக்க ஒரு நாடா கிடைக்காதா? நூறு நாள் வேலையில் ஏரிச் சேற்றில் இறக்காமல், தண்ணீர் கொடுக்கும் வேலையோ குழந்தைகளைப் பார்க்கும் வேலையோ இவர்களுக்கு ஒதுக்குங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு காலை வேளையை இதற்கென்று வைத்து, கழுவக் கற்றுக்கொடுக்க ஒரு செவிலியரை உட்காரவையுங்கள். கோடிகளில் திட்டம் கேட்கவில்லை. இதில் ஊழல் செய்யக்கூடப் போதுமான பணம் கிடையாது. யாரும் கை வைக்காமல் விட்டதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

தீர்மானம் படிக்கும்போது முன்வரிசையில் ஒன்றியக் கவுன்சிலருக்கும் ஒப்பந்ததாரருக்கும் நாற்காலி போடுவீர்கள். அதில் இரண்டை உருவிக்கொண்டு வந்து அந்த அம்மாவுக்குப் போடுங்கள். ஒன்று உட்கார, இன்னொன்று காலைத் தூக்கி வைக்க. அவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று பேசத் தைரியம் உள்ளவர் மட்டும் அன்றைக்கு மைக்கைத் தொடட்டும்.